கணினியின் வேகம் கூடக் கூட, சதுரங்க இன்ஜினை மனிதன் வெல்லவே முடியாமல் போகுமா?

வெண்குதிரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். நேற்று எங்கள் விடுதி அறையில் தொடங்கிய வாக்குவாதம் இரவு ஒரு மணி வரை ஓயவில்லை. என் அறைத்தோழன் சொல்வது இதுதான்: 1997-இல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவ், ஐபிஎம் நிறுவனத்தின் சதுரங்கக் கணினியான டீப் புளூவிடம் தோற்றதற்கு ஒரே காரணம் வேகம். நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் இயந்திரத்தை யாரால் வெல்ல முடியும்? இன்னும் பத்து மடங்கு வேகம் வந்தால் பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு இது முழுச் சரியாகப் படவில்லை. 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக்கை 4-2 என்று தோற்கடித்த டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரல், நொடிக்கு 80 லட்சம் நிலைகளைத்தான் பார்த்தது. டீப் புளூவின் வேகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! ஓடியது இரண்டு இன்டெல் செயலிகள் கொண்ட கணினியில். வேகம்தான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது? இனியும் வேகம் கூடினால் இன்ஜின்கள், அதாவது சதுரங்கம் ஆடும் நிரல்கள், உண்மையிலேயே வெல்ல முடியாதவை ஆகிவிடுமா, இல்லை அந்தக் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய யானை

தம்பி, நல்ல கேள்வி. 1997 மே மாதம் அந்தப் போட்டியைச் செய்தித்தாளில் நாள்தோறும் படித்து, வீட்டுப் பலகையில் காய்களை வைத்து ஆடிப் பார்த்தவன் நான். அதனால் என் நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் முதல் ஆட்டத்திலேயே டீப் புளூ ஜெயித்தது. ஆனாலும் காஸ்பரோவ் சுதாரித்துக்கொண்டு 4-2 என்று போட்டியைக் கைப்பற்றினார். 1997-இல் நியூயார்க்கில் முதல் ஆட்டம் அவருக்கே. திருப்பம் இரண்டாவது ஆட்டத்தில் வந்தது. ஒரு கட்டத்தில் ராணியை உள்ளே விட்டுச் சிப்பாய்களைப் பிடிக்க இயந்திரத்துக்கு வழி திறந்திருந்தது. கணினி என்றால் அகப்பட்டதை வெட்டும் என்று எதிர்பார்த்த காஸ்பரோவ் அதை வைத்தே வலை விரித்திருந்தார். அது வெட்டவில்லை. அமைதியாக மந்திரியை நடுப்பலகைக்குக் கொண்டுவந்து, அவருக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்தது. அவர் 45-ஆவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த நிலையில் ராணியால் தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்திருக்கலாம் என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதில் வேகம் எங்கே இருக்கிறது? தோற்காத ஆட்டத்தில் தோற்றதாக ஒரு மாமனிதர் கைவிரித்தார் என்றால், அவர் உள்ளம் முன்னமே உடைந்திருந்தது என்று பொருள். மே 11 அன்று நடந்த ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீப் புளூ ஒரு குதிரையைத் தியாகம் செய்து 19 நகர்த்தல்களில் ஆட்டத்தை முடித்தது. அந்தக் குதிரைத் தியாகம் இயந்திரம் அந்த நொடியில் கண்டுபிடித்ததன்று. கிராண்ட்மாஸ்டர்கள் அதன் ஓபனிங் தொகுப்பில், அதாவது தொடக்க நகர்த்தல்களின் பட்டியலில், முன்பே ஏற்றி வைத்திருந்தது. மனித அறிவுதான் மனிதனைத் தோற்கடித்தது என்பேன்.

நிரல்காரன்

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஆறு ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக ஒரு சதுரங்க நிரல் எழுதி வருகிறேன். இதில் கொஞ்சம் கை பட்டிருக்கிறது.

ஆட்டத்தின் நடுவில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் மும்மூன்று முறை ஆடுவதை, அதாவது ஆறு படி ஆழத்தை, ஒன்று விடாமல் பார்க்க வேண்டுமானால் 35-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 184 கோடி நிலைகள். ஏழாவது படிக்கு இறங்க அதை மறுபடியும் 35-ஆல் பெருக்க வேண்டும். கணினியின் வேகம் இரட்டிப்பானால் இந்த முறையில் ஒரு படிகூடக் கூடுதலாக இறங்க முடியாது. அறைத்தோழர் கேட்கும் பத்து மடங்கும் போதாது.

இப்போது ஆல்ஃபா-பீட்டா என்ற உத்தியைப் பாருங்கள். அடிப்படை மிக எளிது. நான் யோசிக்கும் ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் என்னைக் கவிழ்க்கும் பதிலடி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதே நகர்த்தலுக்கு அவரிடம் வேறு என்னென்ன பதிலடிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருப்பது வீண். அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடலாம். நல்ல நகர்த்தல்களை முதலில் பார்க்கும்படி வரிசைப்படுத்தினால், அதே ஆறு படி ஆழம் மிகச் சாதகமான நிலையில் 86 ஆயிரத்துக்கும் குறைவான நிலைகளில் முடிந்துவிடும். விடையில் இம்மியும் மாற்றமில்லை. 184 கோடி எங்கே, 86 ஆயிரம் எங்கே! கணினியை இருபதாயிரம் மடங்கு வேகமாக்கியதற்குச் சமமான வேலையைத் தாளில் எழுதிய ஒரு யோசனை செய்திருக்கிறது.

இதை என் வீட்டிலேயே கண்ணால் பார்த்தேன். என் நிரலில் ஒருநாள் இரவு 'நகராமல் விடுதல்' என்ற உத்தியைச் சேர்த்தேன். என் முறையை விட்டுக்கொடுத்து எதிராளியை இருமுறை தொடர்ந்து ஆட விட்டாலும் என் நிலை நன்றாகவே இருக்கிறதா? அப்படியென்றால் அந்தக் கிளையை ஆழமாகத் தோண்டத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வரி நிரல்தான். அதே மடிக்கணினியில், அதே நேரத்தில், இரண்டு படிகள் கூடுதலாக இறங்கியது. எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள, எந்தப் பயிற்சி மாணவனும் ஜெயிக்கும் ஓர் இறுதியாட்டத்தை அது டிரா செய்திருந்தது. நகர்ந்தே ஆக வேண்டும் என்ற விதியே எதிராளிக்குக் கேடாகிற நிலை அது. நகராமல் விடலாம் என்று நம்பிய நிரலுக்கு அந்தக் கேடு கண்ணில் படவில்லை. சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் இறுதியாட்டங்களில் அந்த உத்தியை நிறுத்திவைத்தேன், சரியானது. இப்படி ஒவ்வொரு வெட்டையும் எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்று பல்லாயிரம் ஆட்டங்களை ஓட்டிப் பார்த்துத்தான் ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்றைய முன்னணி இன்ஜின்கள் வளர்ந்தன.

கடைக்கோடிச் சிப்பாய்

வேகத்துக்கு எதிரான பெரிய சான்றை யாரும் இன்னும் சொல்லவில்லை. 2009-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த மெர்கோசூர் கோப்பையில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 பத்துக்கு ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. ஆட்டத்தர மதிப்பு 2898, உலக சாம்பியன்களின் மட்டம். ஓடியது ஒரு கைப்பேசியில். நொடிக்கு 20 ஆயிரத்துக்கும் குறைவான நிலைகள். டீப் புளூவோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகம்!

பழைய யானை

சிப்பாய் சொன்ன தகவல் என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். இன்ஜின்களின் குருட்டுப் புள்ளிகள் எங்கே போயின? 2003 நவம்பரில் எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற இன்ஜினுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் சிப்பாய்களைப் பூட்டிப் பலகையின் குறுக்கே மதில் எழுப்பினார். காய்ச்சண்டைக்கு வழியே இல்லை. இன்ஜினுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காயை முன்னே வைக்கும், பின்னே எடுக்கும். அவர் நிதானமாக ஒரு பக்கத்தில் படை திரட்டி உள்ளே புகுந்தார். 2008-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நாகமுரா, அதிவேக ஆட்டம் ஒன்றில் ரிப்கா என்ற இன்ஜினை இதே மாதிரி பூட்டிய நிலைக்குள் இழுத்து, 250 நகர்த்தல்களுக்கும் மேல் இழுத்தடித்து ஜெயித்தார். எத்தனை படி ஆழம் பார்த்தாலும் மதிலுக்கு அப்பால் என்ன திட்டம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதை வேகத்தால் தர முடியாது.

நிரல்காரன்

ஐயா, வேகத்தால் தர முடியாது என்பது சரி. அதைத்தான் வேறு வழியில் தந்துவிட்டார்கள்.

பழைய இன்ஜின்களில் ஒரு நிலையின் மதிப்பை மனிதர்கள் கையால் எழுதினார்கள். யானைக்கு இத்தனை, திறந்த வரிசைக்கு இத்தனை, இரட்டைச் சிப்பாய்க்கு இத்தனை கழிவு என்று. மதிலுக்கு எத்தனை என்று எண்ணால் எழுத ஒருவருக்கும் தெரியவில்லை. 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஜீரோ வந்தது. ஆட்ட விதிகள் மட்டும்தான் கொடுக்கப்பட்டன. தன்னோடு தானே ஆடிக் கற்றது. ஸ்டாக்ஃபிஷ் 8-க்கு எதிராக 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி ஒன்றுமில்லை. அந்தப் போட்டியில் ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்ஃபாஜீரோ 80 ஆயிரம்தான் பார்த்தது. மெதுவாகப் பார்த்தது, சரியான இடத்தைப் பார்த்தது. அந்தப் போட்டிக்கான கணினி ஏற்பாடு ஸ்டாக்ஃபிஷுக்குச் சாதகமாக இல்லை என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் வழி திறந்துவிட்டது.

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியை ஆடும் நிரல்களுக்காக யூ நாசு என்பவர் 2018-இல் உருவாக்கிய, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்று நிலையை மதிப்பிடும் சிறு நரம்பணி வலையமைப்பை (நியூரல் நெட்வொர்க்) ஸ்டாக்ஃபிஷில் பொருத்தினார்கள். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12-இல் அது இருந்தது. கவனியுங்கள்: அதைச் சேர்த்ததும் நொடிக்குப் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கை குறைந்தது. வேகம் குறைந்தும் பலம் ஒரே தாவலில் ஏறியது.

வெண்குதிரை

அப்படியானால் என் அறைத்தோழன் சொன்னது முழுத் தவறா? இதை அவனிடம் காட்டப் போகிறேன், அதனால் கேட்கிறேன்.

நிரல்காரன்

முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆல்ஃபாஜீரோ பயிற்சி எடுத்தபோது தன்னோடு தான் ஆடும் ஆட்டங்களை உண்டாக்க 5,000 சிறப்புச் செயலிகள் ஓடின. பழைய தலைமுறை வேகத்தைப் பலகையின் முன் செலவழித்தது. இந்தத் தலைமுறை அதைப் பள்ளிக்கூடத்தில் செலவழிக்கிறது. கற்று முடித்த பிறகு ஆடுவதற்கு உங்கள் கைப்பேசி போதும். வேகமான கணினிகள் இல்லாமல் இந்த அறிவு வந்திருக்காது. உங்கள் தோழருக்கு அந்த அளவுக்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

ஞாயிறு பயிற்சியாளர்

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். எல்லோரும் இயந்திரத்தின் பக்கத்தையே பேசுகிறீர்கள். மனிதன் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நிலையை வைப்பேன். 2006 பான் போட்டியின் இரண்டாவது ஆட்டம். வெள்ளைக் குதிரை எஃப்8 கட்டத்தில். வெள்ளை ராணி நடுப்பலகையில் நின்றுகொண்டு எச்7-க்குப் பாய்ந்து மேட் வைக்கக் காத்திருக்கிறது. கறுப்பு ராஜா மூலையில். "கறுப்பு என்ன ஆட வேண்டும்?" என்று கேட்பேன். ஒன்பது வயதுப் பிள்ளைகள்கூட, "ராஜாவை நகர்த்துங்கள் சார், அடுத்தது மேட்!" என்று கத்துவார்கள். கிராம்னிக் அங்கே ராணியை ராணிக்கு மாற்றிக்கொள்ள முன்வந்து காயை வைத்தார். அடுத்த நகர்த்தலில் மேட். உலக சாம்பியன் ஒரே நகர்த்தல் மேட்டைக் கவனிக்கவில்லை! அவரை எள்ளுவதற்காக அதை வைப்பதில்லை. மணிக்கணக்காகத் துல்லியமாக ஆடிய பிறகு எந்த மூளைக்கும் இப்படி ஒரு கணம் வரும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகத்தான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் குகேஷுக்கு எதிரான பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தாரே, அதே கணம்தான் அது. எதிரே மனிதர் இருந்தால் அவருக்கும் அந்தக் கணம் வரும், கணக்கு நேராகிவிடும். இயந்திரத்துக்கு அது வருவதே இல்லை. களைப்பில்லை, பயமில்லை, கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவதில்லை.

எனவே என் கருத்து: மனிதன் தோற்பதற்கு இயந்திரம் மேதையாக இருக்கத் தேவையில்லை. நல்ல ஆட்டத்தைத் தடுமாறாமல் ஆடினாலே போதும். அது எப்போதோ நடந்துவிட்டது. 2005-இல் லண்டனில் ஹைட்ரா என்ற சதுரங்கக் கணினி இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை ஐந்தரைக்கு அரை என்று வென்றது. ஆறு ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிரா. அதே ஆண்டு நவம்பரில் பில்பாவோவில் உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் பொனோமாரியோவ் ஃபிரிட்ஸை வென்றார். முழு நேர ஆட்டத்தில் முன்னணி இன்ஜின் ஒன்றை மனிதர் வென்ற கடைசி ஆட்டமாக அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

இரண்டு கல் ஆட்டக்காரர்

நான் சதுரங்கத்தைவிட, கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் 'கோ' ஆட்டத்தில் அதிகம் ஈடுபடுபவன். "வெல்ல முடியாது" என்ற சொல்லை அவசரப்பட்டுப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோ ஆட்டத்தில் கட்டாகோ என்ற நிரல் உலகின் முதல்தர வீரர்களைவிட வெகுதூரம் முன்னே இருக்கிறது. ஆனால் 2023-இல் கெல்லின் பெல்ரின் என்ற அமெரிக்க அமெச்சூர் வீரர், பலகையின் முன் கணினி உதவி இல்லாமல், அதை 15 ஆட்டங்களில் 14 முறை வென்றார்! எதிராளியின் கற்கூட்டத்தை மெல்லச் சுற்றி வளைத்துக்கொண்டே, வேறு மூலைகளில் கல் வைத்து அதன் கவனத்தைத் திருப்பும் தந்திரம். எந்த மனித ஆட்டக்காரரும் அதில் ஏமாற மாட்டார். அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது, அதற்கென்றே பயிற்சி பெற்ற இன்னொரு நிரல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தன்னோடு தானே ஆடிக் கற்பவனுக்குத் தான் ஒருபோதும் ஆடாத ஆட்டம் தெரியாது. செயலியை நூறு மடங்கு வேகமாக்கினாலும் கற்காத பாடம் கற்காததுதான்.

நிரல்காரன்

அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் சதுரங்கத்தில் அந்த மாதிரி ஓட்டை இருந்தாலும் தேடல் அதை அடைத்துவிடும் என்று நினைக்கிறேன். கோ பலகையில் ஒரு கூட்டத்தின் சாவு பல பத்து நகர்த்தல்கள் தள்ளி இருக்கலாம். சதுரங்கத்தில் தவறுக்குத் தண்டனை பெரும்பாலும் சீக்கிரமே வரும். ஆழத் தேடும் இன்ஜின் அதை முன்கூட்டியே பார்த்துவிடும். வேகத்துக்கு இன்னும் மரியாதை மிஞ்சியிருப்பது இந்த இடத்தில்தான்.

கடைக்கோடிச் சிப்பாய்

ஒரு தெளிவு தேவை. மனிதனால் வெல்ல முடியாது என்பது வேறு, சதுரங்கத்துக்கே விடை கண்டுவிட்டார்கள் என்பது வேறு. செக்கர்ஸ் ஆட்டத்துக்கு 2007-இல் ஷேஃபர் என்ற கணினி அறிஞரின் குழு விடை கண்டது: இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் டிரா. சதுரங்கத்தில் பலகையில் ஏழு காய்கள் வரை மிஞ்சும் நிலைகளுக்குத்தான் முழு விடை இருக்கிறது. 2012-இல் மாஸ்கோவின் லோமனோசோவ் மீக்கணினியில் அதைக் கணக்கிட்டபோது கோப்புகள் 140 டெராபைட் ஆயின. ஆட்டம் தொடங்குவதோ 32 காய்களோடு. எல்லா வழிகளையும் நொடிக்குப் பத்து லட்சம் வீதம் பார்த்தாலும் முதல் நகர்த்தலுக்கு 1-க்குப் பின் 90 சுழியங்கள் போட்ட அத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணித அறிஞர் ஷானன் 1950-லேயே எழுதினார். அங்கே எந்த வேகமும் எடுபடாது.

பழைய யானை

அப்படியென்றால் டிராவுக்கு இடம் இருக்கிறது! இதைத்தான் நான் கேட்க வந்தேன். வெல்ல வேண்டாம். தோற்காமல் இருக்க முடியுமா? சரியான ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். இன்ஜின்கள் தங்களுக்குள் மோதும் போட்டிகளில் எல்லாம் டிராவாகிவிடக் கூடாதென்று, ஒரு பக்கத்துக்குச் சாதகமான ஓபனிங்குகளை வேண்டுமென்றே கொடுத்து ஆட வைக்கிறார்கள். எவ்வளவு வேகம் கூட்டினாலும் டிரா நிலையை வெற்றி நிலையாக்க முடியாதல்லவா? மனிதன் ஒரு நல்ல மதிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்?

ஞாயிறு பயிற்சியாளர்

ஐயா, உங்கள் கேள்வியைச் சென்ற ஞாயிறு வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வகுப்பில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. மின்விசிறிச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். அதில் ஸ்டாக்ஃபிஷை ஏற்றி, ஒரு நகர்த்தலுக்குப் பத்தாயிரம் நிலைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினேன். கண் இமைப்பதற்குள் அது முடிந்துவிடும். எதிரே என் மூத்த மாணவன். ரேட்டிங் (ஆட்டத்தர மதிப்பு) 2200-ஐ ஒட்டி. அவனுக்கு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் நான்கு ஆட்டம்.

முதல் ஆட்டத்தில் தாக்கி ஆடினான். 30 நகர்த்தலுக்குள் முடிந்தது. இரண்டாவதில் கறுப்புக் காய்களோடு மதில் கட்டினான். நன்றாகவே கட்டினான். இன்ஜின் இரண்டு சிப்பாய்களுக்காக ஒரு குதிரையைக் கொடுத்து மதிலின் நடுவை உடைத்தது. ஐயா குறிப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஃபிரிட்ஸ் அந்தக் குதிரையைக் கொடுத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவதில் வெள்ளையோடு சமமான இறுதியாட்டம் வரை வந்து, நேரம் குறைந்தபோது யானையை ஒரு கட்டம் பிசகி வைத்தான். இரண்டு நிமிடம் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கே மனம் கனத்தது.

நான்காவது ஆட்டத்திலும் வெள்ளையை அவனுக்கே கொடுத்தேன். எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகளை மாற்றிக்கொண்டான். சிப்பாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்து இரு பக்கமும் பூட்டினான். பிறகு எதற்கும் ஆசைப்படவில்லை. ராஜாவை நடுவில் வைத்துக்கொண்டு, மந்திரியை ஒரே மூலைவிட்டத்தில் முன்னும் பின்னும் நகர்த்தினான். இன்ஜின் இடப்பக்கம் வந்து பார்த்தது, வலப்பக்கம் வந்து பார்த்தது. மதிப்பு 0.00, அதாவது சமநிலை, என்று காட்டிக்கொண்டே இருந்தது. 61-ஆவது நகர்த்தலில் அதே நிலை மூன்றாம் முறை வந்தது. டிரா. வகுப்பே கைதட்டியது.

இது ஒரு மாணவன், ஒரு ஆட்டம். இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாணவன் முதல் நான்கு ஆண்டுகள் இன்ஜினைத் தொடவே இல்லை. குகேஷுக்குச் சிறு வயதில் பயிற்சியளித்த விஷ்ணு பிரசன்னா அவரைப் பல ஆண்டுகள் இன்ஜின் பக்கம் விடாமல் வைத்திருந்தார் என்று படித்ததிலிருந்து நானும் அதைத்தான் செய்கிறேன். தன் கண்ணால் நிலையைப் பார்க்கப் பழகியவன்தான் அந்த மதிலைக் கட்டினான்.

பழைய யானை

நான்காவது ஆட்டத்தின் நகர்த்தல்களைத் தயவுசெய்து பதிவிடுங்கள். வெட்டிய ஒரு காயைக்கூட விடாமல் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெண்குதிரை

என் அறைத்தோழனும் இப்போது பக்கத்தில் அமர்ந்து படிக்கிறான். அவனுக்கு ஒரு கேள்வி: பத்தாயிரம் நிலைகள் என்ற கட்டுப்பாட்டைப் பத்து லட்சமாக்கினால், அதே மதில் அதே மாணவனுக்கு நிற்குமா?

ஞாயிறு பயிற்சியாளர்

மாணவனும் அதையேதான் கேட்டான். வரும் ஞாயிறு பத்து லட்சத்தில் ஆடுகிறான், அதுவும் கறுப்புக் காய்களோடு. இரண்டு ஆட்டத்தின் நகர்த்தல்களையும் சேர்த்தே பதிவிடுகிறேன்.